அக்காள் வீட்டுக் குளியலறை விளக்கு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. நம் மூத்த அக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்பது செய்தி. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் 68 வயதில் தனித்து வாழ்பவர் அவர். கணவர் இறைவனடி சேர்ந்து பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் மஸ்கட்டில் பணிபுரிகிறான். நாம் பேருந்தேறிப் போய்ச் சேர்ந்தபோது, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் அடுக்களையில் அமர்ந்து, வலக்கையால் மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

எப்படி விழுந்தீர்கள் என வினவினோம்.

"இருட்டுல கால் வச்ச எடம் தெரியல, சாமி" என்றார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல், தம்பி என்றழைப்பதை விட்டுவிட்டுச் சாமி என்றே அழைத்து வருகிறார். எத்தனை முறை தடுத்தும் பயனில்லை.

இருட்டு என்ற சொல் நமக்கு வியப்பளித்தது. அந்தக் குளியலறையில் விளக்கு உண்டு. நமக்குத் தெரியும், ஏனெனில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வீட்டின் பின்புறம் அதைக் கட்டுவித்தவரே நாம்தான். மீண்டும் கேட்டபோது அக்காள் பேச்சை மாற்றினார். உண்மையைச் சொன்னவர் பக்கத்து வீட்டம்மாள். ஓராண்டுக்கும் மேலாக அவ்விளக்கு எரியவேயில்லையாம். விடியற்காலைத் திருப்பலிக்குப் புறப்படுமுன், நாலரை மணிக்கு, மெழுகுதிரித் துண்டு ஒன்றை ஏற்றிவைத்துத்தான் குளிப்பாராம். அன்று கடற்காற்று வேகமாக அடித்திருக்கிறது, திரி அணைந்துவிட்டது.

நெடுநேர வற்புறுத்தலுக்குப் பின் அக்காளும் வாய் திறந்தார். பழைய பல்பு பியூஸ் போய்விட, மாற்றுவதற்காக முக்காலியில் ஏறியிருக்கிறார். "சுவிட்சை அமத்திட்டுத்தான் தொட்டேன். ஆனாலும் மூணு பேரு சேந்து பிடிச்சு ஒதறின மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே கை போகல." நம்மிடம் ஏன் சொல்லவில்லை? "நீங்க காசு போட்டுக் கட்டிக் குடுத்தது. குறை சொன்ன மாதிரி ஆயிருமே."

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். அவ்வறைக்கு வயரிங் செய்தவரிடம் செலவைச் சுருக்குமாறு சொன்னவர் நாம். ஒரே ஒரு பல்புக்கு எர்த் கம்பி எதற்கு என்று கேட்டவரும் நாமே. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற ஆண்டுகளில் மின்கம்பியைப் பற்றி எவரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆயினும் தெரியாத காரியத்தில் சிக்கனம் பேசாதிருக்கத் தனிப்பாடம் ஒன்றும் தேவையில்லை அன்றோ.

எதிர்த்தெருவில், மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் வசிக்கிறார். அவரை அழைத்து வந்தோம். அவர் எதையும் அவிழ்க்கவில்லை. சுவிட்சை அமர்த்தினார், பல்பைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை ஹோல்டருக்குள் நுழைத்தார். டெஸ்டரின் உள்ளிருந்த சிறு விளக்கு செக்கச்செவேல் என்று எரிந்தது.

"பாத்துக்கிடுங்க சாமி. சுவிட்ச் அமந்திருக்கு, ஹோல்டர்ல உயிர் இருக்கு."

அவர் விளக்கியதை நமக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம். வீட்டுக்குள் மின்சாரம் இரு கம்பிகளில் வருகிறது. ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரல், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வெறுங்காலுடன் நனைந்த தரையில் நிற்பவர் ஃபேஸ் கம்பி ஒன்றை மட்டும் தொட்டாலும் போதும். பூமியே இரண்டாவது கம்பியாகிச் சுற்று பூர்த்தியாகிவிடும். சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும். அக்காள் வீட்டிலோ அது நியூட்ரலில் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாறு பொருத்தினாலும் பல்பு எரியும், அணையும்; வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு அது பித்தளை ஹோல்டர். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிக்கூட்டுக்கும் மின்சாரம் கசியும்.

"பியூஸ் இருக்கிறதே, அது போயிருக்க வேண்டாமா?" என்று கேட்டோம். படித்தவர்களும் இக்கேள்வியைக் கேட்கக் கேட்டிருக்கிறோம். அண்ணாச்சி ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார். 60 வாட் பல்பு ஒன்று எரிவதற்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர். நனைந்த மனித உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அவ்வுடலில் செலுத்தும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமற் போகும். 30-ஐத் தாண்டிச் சற்று நேரம் நீடித்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். அந்த 5 ஆம்பியர் பியூசுக்கோ, ஒரு மனிதர் மடிந்துகொண்டிருப்பதற்கும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருப்பதற்கும் வேறுபாடு தெரியாது. அது கம்பி தீப்பிடிக்காமற் காக்க வந்தது. நம்மைக் காக்க வந்ததன்று.

அக்காள் காய்ந்த முக்காலியின் மேல் நின்றிருந்தார். உயிர் தப்பியதற்கு அம்மரமே காரணம் என்பது அண்ணாச்சியின் கருத்து. அதைக் கேட்ட பின் நெடுநேரம் நாம் ஒன்றும் பேசவில்லை.

குளியலறையில் நேர்ந்த இத்தகைய மரணங்கள் ஏழை வீடுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பிரான்சு நாட்டின் புகழ்மிக்க பாடகர் குளோது பிரான்சுவா, 1978 மார்ச் 11 அன்று பாரிஸ் நகரில் தம் இல்லத்தின் குளியல் தொட்டியில் இருந்தபடியே, சுவரிலிருந்த விளக்கின்மீது கை வைத்தார். 39 வயதில் மாண்டார். நாம் குருமடத்தில் விரும்பி வாசித்த அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன், 1968 டிசம்பர் 10 அன்று தாய்லாந்தில், குளித்துவிட்டு வந்த பின் பழுதுற்ற மின்விசிறியால் தாக்குண்டு இறந்தார் என்றே அன்று அறிவிக்கப்பட்டது. நூல்களை வாசித்தோம், இச்செய்தியையும் வாசித்தோம், நம் அக்காளின் பல்பு ஹோல்டர் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அண்ணாச்சி முதலில் செய்தவை அடிப்படை வேலைகள். சுவிட்சை ஃபேசுக்கு மாற்றினார். கொல்லையில் எர்த் குழி தோண்டச் செய்தார். மீட்டர்ப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினார். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இக்கருவி ஓயாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பங்கு மனித உடல் வழியே பூமிக்குக் கசிந்தால் வேறுபாட்டை உணர்ந்து நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் வீட்டின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். அதன் முகப்பில் டி என்ற எழுத்துடன் ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். கருவி விழாவிட்டால் பழுது என்று பொருள். நம் பங்கில் இக்கருவி உள்ள வீடுகளில் அண்மையில் விசாரித்தோம். பொத்தானை ஒருமுறையேனும் அழுத்தியவர் இருவர் மட்டுமே.

இத்துடன் வேலை முடிந்தது என்றே எண்ணினோம். அக்காள் ஒப்பவில்லை. "எனக்கு லைட்டே வேண்டாம், சாமி. மெழுகுதிரி போதும்." கருவியின் பெருமையை எவ்வளவோ எடுத்துரைத்தோம். "அது நிறுத்தும்னு சொல்றீக. அடிச்ச பெறகுதானே நிறுத்தும்?" என்றார். மறுமொழி நம்மிடம் இல்லை. உண்மையும் அதுதான்: மின்னோட்டம் உடலில் பாயத் தொடங்கிய பின்னரே ஆர்.சி.சி.பி. விழிக்கிறது. அன்றியும், ஒருவர் ஒரு கையால் ஃபேசையும் மறுகையால் நியூட்ரலையும் பற்றிக்கொண்டால், போவதும் வருவதும் சமமாகவே இருப்பதால் அது விழிப்பதே இல்லை.

அப்போதுதான் அண்ணாச்சி 12 வோல்ட் விளக்கைப் பற்றிச் சொன்னார். குறைந்த அழுத்தம் என்றதும், மங்கலாக எரியுமோ என்பதே அக்காளின் முதல் ஐயம். நம் ஐயமும் அதுவே. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது வோல்ட் அன்று. விளக்கின் வாட்டும் அதன் வகையும். 5 வாட் எல்.இ.டி. விளக்கு, 12 வோல்ட்டில் எரிந்தாலும் 230 வோல்ட்டில் எரிந்தாலும், பழைய 40 வாட் குண்டு பல்புக்கு இணையான ஒளி தரும்.

மறுவாரம் தூத்துக்குடிக் கடைவீதியில் அண்ணாச்சியுடன் அலைந்தோம். முதற்கடையில், உறையில்லாத சிறு மின்தகடு ஒன்றைக் காட்டி, "இது 230-ஐக் குறைத்துக் கொடுக்கும்" என்றார்கள். விலையோ மிகக் குறைவு. பழைய பழக்கத்தால் நம் கை பணப்பைக்குச் சென்றது. அண்ணாச்சி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டார். வெளியே வந்த பின் அவர் கூறிய விளக்கமே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

வோல்ட்டைக் குறைப்பது ஒன்று; பிரிப்பது மற்றொன்று. அம்மலிவுத் தகட்டில் வீட்டு மின்சாரத்துக்கும் விளக்குக்கும் இடையே நேர்த்தொடர்பு அறுபடுவதில்லை. இரு முனைகளுக்கு இடையில் அளந்தால் சிறிய எண்ணே தெரியும். ஆனால் ஒரு முனைக்கும் பூமிக்கும் இடையில் அளந்தால் முழு அழுத்தமும் அங்கே இருக்கக்கூடும். குளிப்பவர் நிற்பது பூமியில் அல்லவா? நமக்கு வேண்டியது, உள்வரும் சுருளும் வெளிச்செல்லும் சுருளும் ஒன்றையொன்று தொடாத, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரைக் கொண்ட கருவி. அதில் காந்தப்புலம் மட்டுமே குறுக்கே கடக்கிறது, கம்பி கடப்பதில்லை. அப்பாலுள்ள 12 வோல்ட்டுக்குப் பூமியோடு உறவே கிடையாது. மின்கம்பியில் அமரும் காகத்துக்கு ஒன்றும் நேராததைக் காண்கிறோம். ஒரே கம்பியைத் தொடுவதால் அதற்குச் சுற்று பூர்த்தியாவதில்லை. இவ்விளக்கின் ஒரு கம்பியை நனைந்த கையால் தொடுபவரும் அக்காகத்தின் நிலையிலேயே இருப்பார். இரு கம்பிகளையும் ஒருசேரப் பற்றினாலோ, தடுக்க நிற்பது 12 என்ற சிறிய எண் மட்டுமே. நனைந்த உடலில் அது 12 மில்லி ஆம்பியர் அளவுக்குச் செலுத்தக்கூடும். ஆதலால்தான் அண்ணாச்சி மாறுமின்சாரத்தை விடுத்து, தசைகளை அவ்வளவு எளிதில் இறுக்காத நேர்மின்சாரம் தரும் கருவியைத் தேர்ந்தார்.

அக்கருவியை அடையாளம் காண்பது கடினமன்று. உடலில் எஸ்.இ.எல்.வி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும்; பிரிக்கப்பட்ட, பாதுகாப்பான மிகக்குறைந்த அழுத்தம் என்பது அவற்றின் பொருள். சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு. எல்.இ.டி. மின்வழங்கிகளுக்கு உரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 15885, அதனுடன் பதிவெண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். விளக்கின்மீது, சாய்சதுரத்துக்குள் மூன்று கோடுகள் இருந்தால் அது இவ்வகை மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது. கடைக்காரர் இவற்றைக் காட்ட இயலாமல் நல்ல சரக்கு என்று சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவது நலம்.

தண்ணீருக்கு எதிரான காப்பு வேறு. அதை ஐ.பி. என்ற எழுத்துகளும் இரு இலக்கங்களும் குறிக்கின்றன. இரண்டாவது இலக்கமே தண்ணீருக்கு உரியது. 44 எனில் தெறிக்கும் நீரைத் தாங்கும். 65 எனில் பீய்ச்சும் நீரையும் தாங்கும். குளியலறையை மண்டலங்களாகப் பிரித்துக் கூறும் பன்னாட்டு விதி ஒன்று உண்டு. தொட்டியில்லாத குளியலறையில் நீர் விழும் குழாயிலிருந்து 1.2 மீட்டர் வரையும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையும் நனையும் மண்டலம் என்பது அதன் கணக்கு. நம் வீடுகளில் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். ஐந்தடி அகல அறையில் நனையாத மூலை ஏது? ஆகவே அறை முழுவதையும் ஒரே மண்டலமாகக் கருதி, 65 எண்ணுள்ள மூடிய விளக்கையே வாங்கினோம்.

சில வசதியான வீடுகளில் இன்னும் 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகள் கூரையில் பதிந்திருக்கின்றன. 50 வாட் விளக்கு ஒன்றே 4 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். விளக்கின் சூடோ மரக்கூரையைக் கருக்கவல்லது. மின்னதிர்ச்சிக்கு அஞ்சித் தீயை வரவழைப்பது போன்றது அது. புதிதாக வாங்குவோர் அதை நாட வேண்டியதில்லை.

விளக்கைப் பொருத்திய நாளில் நாமும் உடனிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டோம். மின்வழங்கியை அடுக்களைச் சுவரில், ஈரம் படாத உயரத்தில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்தார் அண்ணாச்சி. குளியலறைக்குள் அதை வைத்தால் 230 வோல்ட்டை மறுபடியும் உள்ளே அழைத்து வந்தவராவோம். சுவிட்சும் வெளியே வந்தது. குளியலறைச் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைப்பது நம்மவர் வழக்கம். பிள்ளைகள் குளிப்பவரை இருட்டில் விட்டு விளையாடுவார்கள் எனினும் நல்ல வழக்கமே. அங்கிருந்து இருகம்பி வயர் ஒன்று மட்டும், தனிக் குழாயில், குளியலறைக்குள் சென்றது. வீட்டு வயர்களுடன் ஒரே குழாயில் அதை நுழைத்தால், எலி கடித்த ஓரிடத்தில் இரண்டும் கலந்து பிரிவினையே பாழாகிவிடும். முன்பு எர்த் வேண்டாம் என்ற பிழைக்குப் பரிகாரமாக, இதற்கும் எர்த் கொடுங்கள் என்று ஆர்வத்துடன் சொன்னோம். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "வீட்டுக்கு எர்த் கட்டாயம், சாமி. இதுக்கு மட்டும் குடுக்கவே கூடாது. பூமியோட ஒறவு கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு." தெரியாத காரியத்தில் தாராளமும் ஆகாது போலும்.

விளக்கைக் கூரை நடுவில் வைக்கவில்லை. அங்கே வைத்தால் குனிந்து மொள்பவரின் நிழலே காலடியில் விழும். கதவுக்கு மேலே, பக்கச்சுவரில் வைத்ததால் ஒளி தரைமீது சாய்வாக விழுகிறது. ஈரமும் சோப்பு நுரையும் பளிச்சென்று தெரிகின்றன. அக்காளை வீழ்த்தியது மின்சாரமன்று, தரை. ஆகவே விளக்கின் வேலை முகத்தைக் காட்டுவதைவிடத் தரையைக் காட்டுவதே.

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். பேட்டரியிலிருந்து வருவதால் அந்த மின்சாரம் மென்மையானது என்ற நம்பிக்கை ஊர்தோறும் இருக்கிறது. பேட்டரியில் 12 வோல்ட் இருப்பது மெய்; இன்வெர்ட்டர் அதை 230 ஆக்கித்தான் வீட்டுக்குள் அனுப்புகிறது. மின்தடை நேரத்தில், தெருவெல்லாம் கரண்ட் இல்லை என்று ஹோல்டரில் கைவைப்பவருக்கு அது எமனாகும்.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி மீட்டரால் அளந்தார்: இரு முனைகளுக்கு இடையே 12; ஒவ்வொரு முனைக்கும் பூமிக்கும் இடையே தொடர்பு இல்லை. அக்காளைக் கூப்பிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னோம். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார். நாம் கைகளை வாளியில் நனைத்துக்கொண்டு, வெறுங்காலுடன் ஈரத்தரையில் நின்று, இன்னும் மூடப்படாதிருந்த விளக்கின் முனை ஒன்றின்மேல் விரலை வைத்தோம். மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே இதைச் செய்தோம். வாசகர் எவரும் தம் வீட்டு விளக்கில் இதைச் செய்து பார்க்கலாகாது.

"தம்பி, வேண்டாம்!" என்று அலறியபடி அக்காள் ஓடி வந்துவிட்டார். முப்பதாண்டுகளுக்குப் பின் அச்சொல்லைக் கேட்டோம். ஒன்றும் நேரவில்லை என்று கண்டதும் நம் கையைத் தட்டிவிட்டு, நல்ல கையால் அந்தச் சுவிட்சைத் தாமே அமர்த்தினார், பிறகு போட்டார், மீண்டும் அமர்த்தினார்.

விளக்கும் மின்வழங்கியும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கின. எர்த் குழிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் அதைவிடச் சற்று மிகுதியாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நாம் மிச்சம் பிடித்த தொகை, அக்காளின் மாவுக்கட்டுச் செலவில் பாதிக்கும் காணாது.

மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. சென்ற மாதம் அவ்வூரில் ஓர் இரவு தங்கினோம். விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லைப்புறம் வெளிச்சமாக இருந்தது. வாளியில் தண்ணீர் விழும் ஓசையும் கேட்டது. காப்பி கொண்டு வந்தபோது அக்காள் புதிய குறை ஒன்றைத் தெரிவித்தார். இத்தனை நாள் தெரியாத சுவர்ப்பாசி இப்போது மூலைமுடுக்கெல்லாம் தெரிகிறதாம். மழைக்கு முன் சுண்ணாம்பு அடித்துத் தரவேண்டுமாம், சாமி.